ஆளுக்குப் பாதி மாத்திரை

செம்மநத்தம்,
9.2.2025

அன்புக் கண்ணு சிவரஞ்சனிக்கு அப்பாயி வெள்ளையம்மாள் எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம். உன்னை நம் மலைச்சாமி சேர்வராயன் பார்த்துக்கொள்வார்.

உன் அத்தை மகள் கலா சேலத்தில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பிளஸ் டூவில் நீ ஐந்நூற்று அறுபத்திரண்டு வாங்கியதை ஒண்டிக்கடை முக்கில் கதீஜாவின் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது உன் தங்கை தீபிகா! கணக்கில் எழுபத்தொன்று. வகுப்பில் பத்து நிமிஷம் உட்காராத பிள்ளை. மெல்வின் வாத்தியார் என்னை நிறுத்தி, "ஏனுங்க, இது உங்க பேத்திதானுங்களா?" என்று கேட்டார். எல்லாம் சேலத்து டாக்டர் கொடுத்த மாத்திரை. காலையில் என் கையால் ஒன்று கொடுக்கிறேன். பள்ளிக்கூடம் போய் அடங்கிப் படிக்கிறாள்.

நம் வீட்டில் பலாப்பழம் அறுத்தாலும் உங்கள் இருவருக்கும் சரிபாதி. இதை மட்டும் ஒருத்திக்கே கொடுக்க எனக்கு மனசு வருமா? லீவு நாளில் மாத்திரை வேண்டாம் என்றார் டாக்டர். அப்படி மிஞ்சிய எட்டை உனக்கு அனுப்பும் காபித்தூள் பொட்டலத்துக்குள் வைத்திருக்கிறேன். போன வருஷம் நீட் பரீட்சையில் நான்கு மார்க் குறைந்து கைவிட்டுப் போன டாக்டர் சீட்டு இந்த வருஷம் போகாது. ஞாயிற்றுக்கிழமை போனில் இதைப் பேசாதே. அங்கே வார்டன் நிற்பார், இங்கே உன் அப்பா நிற்பான்.

உன் மார்க்குக்குக் காத்திருக்கும்
அப்பாயி


நாமக்கல் விடுதி,
23.2.2025

அன்புள்ள அப்பாயிக்கு,

காபித்தூளும் அதுவும் வந்தன. முதல் நாள் பதினாறு மணி நேரம் படித்தேன் அப்பாயி! பசிக்கவே இல்லை. எனக்குத் தெரியாத பாடமே உலகத்தில் இல்லை போல இருந்தது.

இப்போது படுத்தால் நெஞ்சு மிக்ஸி மாதிரி ஓடுகிறது. தூக்கம் வருவதில்லை. வாரத் தேர்வில் எப்படியோ முப்பது மார்க் குறைந்துவிட்டது. விலங்கியலில் ஒரே பக்கத்தை மூன்று நிறத்தில் அழகாக எழுதி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் பதில் வரவில்லை. தீபிகாவுக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் நிற்காத கோளாறு, இருந்தும் இவ்வளவு வேலை செய்கிறது என்றால், ஒன்றும் இல்லாத எனக்கு இன்னும் நன்றாகத்தானே வேலை செய்ய வேண்டும்? அளவுதான் போதவில்லை. எட்டும் தீர்ந்துவிட்டது. சீக்கிரம் அனுப்புங்கள்.

உங்கள் ரஞ்சனி


செம்மநத்தம்,
2.3.2025

ரஞ்சனிக் கண்ணு,

மிஞ்சிய மாத்திரை இல்லை. அதனால் தீபிகாவின் மாத்திரையை அரிவாள்மணையில் இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி என்று வைத்துவிட்டேன். பதினாறு பாதி அனுப்பியிருக்கிறேன். அவள் கொஞ்சம் பழையபடி துள்ளுகிறாள். சின்னப் பிள்ளை, பொறுத்துக்கொள்ளட்டும்.

பசிக்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வாயாவது சாப்பிடு சாமி.

அப்பாயி


நாமக்கல் விடுதி,
17.3.2025

அப்பாயிக்கு,

கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், கை கொஞ்சம் நடுங்குகிறது. நேற்று மாடிப்படியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

பாதி எந்த மூலைக்கு? ஒரு வேளைக்கு நான்கு பாதி போட்டேன், தீர்ந்துவிட்டது. மாத்திரை இல்லாத நாளில் புத்தகத்தைத் திறந்தாலே அழுகை வருகிறது. தீபிகா ஏழாவதுதானே? அவளுக்கு ஒரு வருஷம் போனால் என்ன? எல்லாவற்றையும் எனக்கே அனுப்புங்கள். உங்களை விட்டால் நான் யாரிடம் கேட்பேன்? அனுப்பாவிட்டால் நான் செத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரஞ்சனி


செம்மநத்தம்,
21.3.2025

என் கண்ணு ரஞ்சனி,

மாத்திரை இல்லை. இனிமேலும் இல்லை. கோபித்துக்கொள்ளாமல் முழுதும் படி.

செவ்வாய்க்கிழமை தீபிகா பரீட்சைப் பேப்பரைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே ஓடி, எஸ்டேட் சில்வர் ஓக் மரத்தில் ஏறி விழுந்துவிட்டாள். வலது கை முறிந்தது. கட்டுப் போட்டபின் இன்று மாத்திரை டாக்டரிடமும் காட்டினோம். "ஒழுங்கா குடுக்கறீங்களா?" என்று என்னைக் கேட்டார். நான் முந்தானையைச் சரிசெய்தேன். தீபிகாதான், "அப்பாயி எனக்குப் பாதிதானுங்க குடுக்கும். மீதி அக்காளுக்கு" என்றாள். எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இவ மூளையில கொறையா இருக்கறதை அது ஈடு கட்டுதுங்க, அதனால அடங்கி உக்காருறா. அந்தக் கொறை இல்லாத புள்ளைய அது முடுக்கித்தான் விடும். நெறையப் படிச்ச மாதிரி இருக்கும், ஒண்ணும் தங்காது. தூக்கம் போகும், நெஞ்சு அடிக்கும். அளவு மீறினா உசுருக்கே ஆபத்துங்க!"

உன் கடிதம் இரண்டும் என் இடுப்பில்தான் இருந்தன. எடுத்து உன் அப்பாவிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "நீ படிச்ச அஞ்சாவதுக்கு டாக்டர் வேலை வேற பாக்கறியாம்மா?" என்றான். கடிதங்களை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான்.

மருந்தையும் பலாச்சுளை என்று நினைத்துப் பங்கு போட்டேன். ஒருத்தி கை முறிந்து கிடக்கிறாள். நீ என்ன ஆனாயோ. விடிந்ததும் முதல் பஸ்ஸில் அப்பா வருகிறான். தபாலை நம்பாமல் இதை அவனிடமே கொடுத்திருக்கிறேன். அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போ. எத்தனை போட்டாய் என்று மறைக்காமல் சொல்.

அப்பாயி


செம்மநத்தம்,
20.4.2025

அன்பு ரஞ்சனிக்கு,

நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முந்திய இரண்டுக்கும் பதில் இல்லை. நெஞ்சுக்குப் பழுதில்லை என்று அப்பா சொன்னான். பரீட்சை வரைக்கும் உன் அம்மா உன்னோடு அங்கே அறை எடுத்துத் தங்கியிருப்பதில் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. போனில் அவளிடம் கேட்டேன். "உங்க பேரைச் சொன்னாலே மூஞ்சியத் திருப்பிக்கறாளுங்க அத்தை" என்கிறாள்.

இல்லை என்று சொன்னதற்காகவா, முதலில் கொடுத்ததற்காகவா? எதற்கென்றாலும் எனக்கு வேண்டியதுதான்.

தீபிகாவின் மாத்திரை இப்போது அப்பாவின் பெட்டியில் இருக்கிறது. அவனே எடுத்து முழுசாகக் கொடுக்கிறான். அவள் இடது கையால் எழுதப் பழகுகிறாள். என்ன மார்க் என்று நான் கேட்கவில்லை. கதீஜா, "ரஞ்சனி நல்லாப் படிக்குதா?" என்றாள். "நல்லாத் தூங்குதான்னு கேளு கதீஜா" என்று சொல்லிவிட்டு, வாங்க வந்ததை மறந்து வந்துவிட்டேன்.

சுவரில் உன் பிளஸ் டூ போட்டோ இருக்கிறது. அந்தக் கொழுகொழுக் கன்னத்தைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை, அந்தப் பிள்ளையை நான்தானே இல்லாமல் செய்தேன். கன்னம் ஒட்டியிருந்தாலும் சரி, சிரிக்காவிட்டாலும் சரி, இப்போது இருக்கிறபடியே ஒரு போட்டோ எடு. பின்பக்கம் ஒரு எழுத்தும் எழுத வேண்டாம். புதுப் போட்டோ ஒன்று மட்டும் தபாலில் போட்டுவிடு சாமி.