குழாயில் தண்ணீர் வந்த செய்தி

பிரசுரத்துக்கு அல்ல

மாதனூர் அருகே,
6-2-1983

அன்புள்ள ராஜகோபாலுக்கு,

வீரபாகு எழுதுவது. இங்கு நான், மனைவி தாயாரம்மாள், மகள் மனோரமா மூவரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சத்துவாச்சாரியில் உன் வீட்டு மாடிப்படி இன்னும் ஏறுகிறாயா?

உங்கள் பத்திரிகைக்கு என்னை இந்தப் பக்கத்துப் பகுதிநேர நிருபராக நீ போட்டு நான்கு ஆண்டாகிறது. ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு இது பெரிய கௌரவம்தான். போன வைகாசியில், தோல் கம்பெனிக் கழிவு இறங்கி எங்கள் ஊர்க் கிணறுகள் சிவந்துபோனதை எழுதினேன். முதல் பக்கத்தில் போட்டாய். அதைப் பார்த்துத்தான் அதிகாரிகள் வந்தார்கள். மலையடிவாரத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட்டு, ஊருக்குள் குழாய் இழுத்துவிட்டார்கள். பொங்கலிலிருந்து நல்ல தண்ணீர் வருகிறது.

அதை எழுதி இருமுறை அனுப்பினேன். வரவில்லை. என் நடை சரியில்லையோ என்று சந்தேகம். இன்னும் சுருக்கி இத்துடன் இணைத்திருக்கிறேன். வழக்கம்போல் அந்தத் தாளின் தலையில் 'பிரசுரத்துக்கு' என்று எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு கலந்துவிடாதே.

தொந்தரவுக்கு மன்னிக்கவும்.

அன்புடன்,
வீரபாகு


வேலூர்,
11-2-1983

அடே வீரபாகு,

உன் நடைக்கு ஒரு குறையும் இல்லை. காலேஜ் ஹாஸ்டலில் சாப்பாடு நன்றாக இருந்த நாளைப் பற்றி எவனாவது பேசினானா? சாம்பாரில் பல்லி விழுந்ததை இன்றைக்கும் பேசுகிறோம். அவ்வளவுதான் விஷயம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் எழுது, போடுகிறேன். வந்தால் குடித்துவிட்டுப் போகவேண்டியதுதானே!

கிணறு சிவந்த செய்தி வந்த அன்று ஆம்பூரில் மதியத்துக்குள் பேப்பர் தீர்ந்துபோனது. ஏஜெண்டு பச்சையப்பன் இன்னும் கேட்கிறான், "அந்த மாதிரி வேற இன்னா சார் இருக்குது?" என்று. நான் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டியவன்.

மனோரமாவுக்கு வரன் ஏதாவது அமைந்ததா?

உன்
ராஜகோபால்


மாதனூர் அருகே,
20-2-1983

அன்புள்ள ராஜகோபாலுக்கு,

நீ எழுதியதை டீக்கடை வாஹித் பாஷாவிடம் சொன்னேன். சிரித்தார். "தண்ணி வந்திச்சின்னு படிக்க எவன் சார் காசு குடுப்பான்? நீங்களே பேப்பரைப் பிரிச்சா மொதல்ல லாரி ஆக்சிடெண்ட்தானே பாக்கறீங்க?" என்றார். உண்மை. எனக்கு வெட்கமாகிவிட்டது. எங்கோ ஆபத்து என்று படிக்கும்போது, நம் வீடு பத்திரம் என்று ஒரு நிம்மதி வருகிறதோ என்னவோ. எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

மனோரமாவைக் கேட்டிருந்தாய். ஆலங்காயத்தில் ஒரு நல்ல இடம். பையன் கூட்டுறவு சங்கத்தில் வேலை. இருவருக்கும் பிடித்துப்போயிற்று. நிச்சயம் பேச வந்தவர்கள் உங்கள் பத்திரிகைத் துண்டை மடித்து எடுத்து வந்தார்கள். "அந்தத் தண்ணி குடிச்ச பொண்ணு, நாளைக்கு வயித்துல ஒண்ணு தங்குமா?" என்று பையனின் தாயார் அமிர்தவள்ளி கூடத்திலேயே கேட்டுவிட்டார்.

மனோரமா உள்ளே போய் ஒரு சொம்பு குழாய்த் தண்ணீர் கொண்டுவந்து எல்லோர் எதிரிலும் குடித்தாள். பிறகு அவர்களுக்கும் டம்ளர்களில் ஊற்றி வைத்தாள். யாரும் தொடவில்லை.

"பேப்பர்லயே போட்டுட்டாங்க. தண்ணி நல்லாயிடுச்சின்னு அதே பேப்பர்ல வரட்டும், வைகாசியில வெச்சிக்கலாம்" என்று சொல்லி எழுந்துவிட்டார்கள்.

அவளுக்கு இருபத்தேழு நடக்கிறது. நான்கு வரி போட்டால் போதும், ராஜு. நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

அன்புடன்,
வீரபாகு


வேலூர்,
2-3-1983

அன்புள்ள வீரபாகு,

நேற்றைய பத்திரிகையைப் பார்த்திருப்பாய். மூன்று பத்தி அகலம்! 'விஷத் தண்ணீர் ஊரில் பெண் எடுக்க மறுப்பு.' உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே உதவி ஆசிரியரிடம் கொடுத்தேன். பெயர் போடவில்லை, 'ஓய்வுபெற்ற ஆசிரியரின் மகள்' என்று மட்டும். அவள் சொம்புத் தண்ணீர் குடித்த இடத்தை ஆபீசில் எல்லோரும் பாராட்டுகிறார்கள்.

குழாய் விஷயத்தைக் கடைசியில் வைத்திருந்தோம். செருப்புக் கம்பெனி விளம்பரம் ஒன்று வந்ததால் அந்த வரிகள் போய்விட்டன. வருத்தப்படாதே. நீ சங்கடப்படுவாயோ என்று தாளின் தலையையும் பார்த்துக்கொண்டேன். 'பிரசுரத்துக்கு அல்ல' என்று நீ எழுதவில்லை.

இதுபோல் வேறு வீடுகள் இருந்தால் போட்டோவுடன் அனுப்பு.

உன்
ராஜகோபால்


பிரசுரத்துக்கு அல்ல

மாதனூர் அருகே,
19-3-1983

ராஜகோபாலுக்கு,

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான் ஒருவன்தான்.

ஆலங்காயத்தார் வேறு இடத்தில் நிச்சயம் செய்துவிட்டார்கள். அடுத்த வீட்டு சுந்தரியைப் பார்க்கக் குடியாத்தத்திலிருந்து வர இருந்தவர்களும் வரவில்லை. அவள் தாய் கமலம் குழாயடியில் என்னைப் பார்த்து, "வாத்தியாரே, ஊர்ல இன்னும் நாலு பொண்ணுங்க பாக்கி இருக்குது. அதையும் எழுதிடுங்க" என்றாள். 

கிணற்றைப் பற்றி எழுதியது தவறென்றும் சொல்ல முடியவில்லை. எழுதாவிட்டால் குழாய் வந்திருக்காது. யோசித்து யோசித்து அங்கேயே நிற்கிறேன். அந்தத் தாளின் தலையில் நான் எழுதாதது உண்மைதான். நம்முடையது நாற்பது ஆண்டுப் பழக்கம். உனக்கு எழுதும்போது அது வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டேன்.

அந்தச் செய்தி வந்த அன்றைக்கு வாஹித் பாஷா கடையில் பேப்பர் போடவில்லை. "இன்னிக்கு வரல சார்" என்றார். அவர் உட்கார்ந்திருந்த கோணிக்கு அடியில் அது மடித்துக் கிடந்ததைப் பார்த்தேன். பார்க்காதவன்போல் டீ குடித்துவிட்டு வந்தேன்.

நிருபர் அட்டையை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பதில் வேண்டாம்.

மனோரமா தினமும் குடத்தை எடுத்துக்கொண்டு அதே குழாய்க்குத்தான் போகிறாள். எல்லோரும் பிடித்துக்கொண்டு போன பிறகு போகிறாள். தண்ணீர் நன்றாக வருகிறது.

வீரபாகு