வாடகைச் செக்கும் அப்பாவின் கையெழுத்தும்

ஜூன் 9, திங்கள். விடாத மழை.

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்திருந்தால், கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவுக்கு மலையாளம்தான் வாசிக்க வரும். அதற்காகவே தமிழில் எழுதுகிறேன். எனக்குத் தமிழ் எழுதக் கற்றுக்கொடுத்தது நாகர்கோவில்காரரான அப்பா. அப்பா, வாசிப்பது நீங்கள் என்றால் இந்த வரியோடு மூடிவிடுங்கள்.

கெமிஸ்ட்ரி ரெக்கார்ட் முடியவில்லை. யூனிஃபார்ம் காயவில்லை, ஈரத்தோடு போனேன். சாயங்காலம் மாடிப்படி ஏறும்போது சாந்தா டீச்சர் கூப்பிட்டார். கீழ்வீடு, எங்கள் வீட்டுக்காரர். வாடகை செக்காகத்தான் வாங்குவார்.

“மோளே, அச்சன்ட்ட சொல்லணும் கேட்டோ. செக்கு மடங்கி வந்நு. எனக்குப் பிணக்கம் ஒண்ணும் இல்ல. பக்ஷே சொல்லணும்.”

அப்பா கொடுத்த செக் பேங்கிலிருந்து திரும்பி வந்துவிட்டதாம். கையில் ஒரு கவரைக் கொடுத்தார். அப்பாவிடம் கொடுத்தேன். அம்மா பார்த்துவிட்டாள்.

“சம்பளம் வந்து ஒரு வாரம் கூட ஆகல்ல. ரூவா எங்க போச்சு?”

“பேங்குல என்னவோ தப்பு.”

“லாட்டரி எடுக்கியளா?”

அப்பா வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 10, செவ்வாய்

கோபிகா, டீச்சரின் பேத்தி, என் பெஞ்சு. பஸ்ஸில் பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொண்டாள். கரமனையிலிருந்து கிழக்கேகோட்டை வரை நின்றுகொண்டே வந்தேன். இன்டர்வெல்லில் பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி: “எடி வண்டிச்செக்கே, ஒரு பேனா தா. எழுதுமோ, இல்ல மடங்குமோ?” திரும்பி வந்த செக்குக்கு இங்கே அந்தப் பேர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்.

அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடைக்குக் கணக்குப் பார்க்கிறவர். செக் எதனால் திரும்பும் என்று ஏழாம் வகுப்பிலேயே எனக்கு விரல்விட்டுச் சொல்லியிருக்கிறார்.

பணம் இல்லை.
தேதி போட்டு மூன்று மாதம் தாண்டியது.
எண்ணில் ஒரு தொகை, எழுத்தில் வேறு.
அடித்துத் திருத்தியது.
கையெழுத்து ஒத்துப்போகவில்லை.

முதல் நாலையும் அப்பா செய்யவே மாட்டார். துவைக்கப் போட்ட சட்டைப்பையில் அந்தக் கவர் இருந்தது. செக்கோடு பேங்க் சீட்டு. ஐந்தாவதற்கு நேராக டிக்.

அப்படியென்றால் பணம் இருந்திருக்கிறது. அதை ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை?

அப்பா தமிழில் கையெழுத்துப் போடுவார். நாகலிங்கம். கடைசி எழுத்தின் வால் திரும்பி, பேர் முழுவதற்கும் அடியில் கோடாக ஓடும். இந்தச் செக்கில் எழுத்து போகப்போகச் சிறுத்து, கடைசியில் எறும்பு. வால் பாதியில் நின்றுவிட்டது.

காப்பியை அரை டம்ளர்தான் ஊற்றச் சொல்கிறார். சட்டைப் பொத்தான் போட வெகுநேரம். எல்லாம் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

மழை. அம்மா கோயிலுக்குப் போனதும் அப்பா என் அறைக்கு வந்தார். பேங்கில் நேரில் போய்ப் புதிதாக மாதிரிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் சரியாகிவிடுமாம்.

“ஆபீசர் முன்னால பேனாவ எடுத்தேன் மக்ளே, கை நிக்கல்ல. கண்ணாடி கொண்டுவரல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

“கண்ணாடி போட்டுட்டுத்தானே போனிய?”

“அந்த ஆளும் அதத்தான் பாத்துட்டு இருந்தான்.”

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு செக் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார். சின்ன வயதில் விளையாட்டாக அவர் கையெழுத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். என்னைவிட நல்லா போடுகியே என்று சிரித்தார் அப்போது. இப்போது முகத்தில் சிரிப்பு இல்லை.

“ஒரே ஒரு தடவ. அம்மாட்ட சொல்லாண்டாம், கேட்டியா. பயந்துருவா. கடையில தெரிஞ்சா கணக்க வேற ஆளுட்ட கொடுத்துருவாங்க.”

“டாக்டர்ட்ட?”

“போலாம், போலாம்.”

போட்டேன். வால் முழுதாக.

ஜூன் 18, புதன்

செக் பாஸாகிவிட்டது. டீச்சர் வாழைப்பழத்தில் பழம்பொரி பொரித்துக் கொடுத்தனுப்பினார். பஸ்ஸில் கோபிகா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்பா போட்டதை அப்பா போட்டது இல்லை என்றார்கள். நான் போட்டதைப் பார்த்துப் பணம் கொடுத்துவிட்டார்கள்.

துணி அலசும்போது அப்பாவின் சட்டைப்பையில் இரண்டு லாட்டரிச் சீட்டு. அம்மா என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். “நான் சொன்னேன் அல்லே?” அப்பா தலையைக் குனிந்து, “இனி எடுக்கல்ல” என்றார்.

அப்பா லாட்டரி எடுக்கிறவரே இல்லை. அம்மா பார்க்கட்டும் என்று வாங்கி வைத்திருக்கிறார். ராத்திரி அம்மா அவரோடு பேசவில்லை. அவர் முகத்தில் நிம்மதி. அதைப் பார்த்தபிறகு எனக்குத் தூக்கம் இல்லை.

ஜூலை 3, வியாழன். மழை இல்லை, புழுக்கம்.

கணக்குப் பரீட்சை சுமார். அப்பா இன்று டம்ளரை இடது கையால் எடுத்தார். அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து செக் புத்தகத்தோடு வந்தார்.

“இந்த மாசமும், மக்ளே.”

“டாக்டர்ட்ட போனியளா?”

“முதல்ல இதப் போடு.”

போட்டேன். அப்பா இப்போது எப்படிப் போடுகிறாரோ அப்படியே. எழுத்தைச் சிறுக்க வைத்து, கடைசியில் எறும்பாக்கி, வாலைப் பாதியில் நிறுத்தினேன். என் கை நடுங்கியதால் சுலபமாக வந்தது. அவர் பார்க்காமல் கவரில் போட்டுக்கொண்டார்.

பேங்க் திருப்பும். டீச்சர் படியில் கூப்பிடுவார். இந்தத் தடவை சீட்டை நானே அம்மாவிடம் கொடுத்து, டிக் எங்கே இருக்கிறது என்று காட்டுவேன். அப்புறம் டாக்டரிடம் போகாமல் இருக்க முடியாது. என்னை மறுபடி வண்டிச்செக்கு என்பார்கள், என்னவும் சொல்லட்டும். டீச்சர் வீட்டைக் காலி பண்ணச் சொன்னால்? கடையில் தெரிந்தால்? தெரியவில்லை. தப்பு செய்துவிட்டேனா? இதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை.

கவர் கூடத்து மேசையில் இருக்கிறது. ஒட்டவில்லை. காலையில் அப்பா கீழே கொடுப்பார். அதற்குள் அவர் ஒரு தடவை எடுத்துப் பார்த்தால்

கூடத்தில் லைட் எரிகிறது. கதவைத் தட்டுகிறார்கள். அம்மா தட்டமாட்டாள், திறந்துகொண்டு வருவாள். ஒரே ஒரு தட்டு. அதன் பின்னாலேயே சின்னச் சின்னதாக, நிற்காமல்