பெரியப்பா மூடிய வால்வு

சமோகோவ்,
ஜனவரி 11

மதிப்புக்குரிய (ஆளுக்கு அல்ல, வயதுக்கு) ஸ்டாமென் பெரியப்பாவுக்கு,

வீட்டின் நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் நலம். அந்தப் பக்கத்து நலத்தை விசாரிக்கப் போவதில்லை. அப்பா இறந்ததிலிருந்து நீங்கள் எங்களோடு பேசுவதில்லை. அதனால்தான் கதவிடுக்கில் கடிதம்.

இரவில் நிலவறைக்குள் இறங்கி எங்கள் பக்கத்துத் தண்ணீர் வால்வை மூடுவது நீங்கள்தானே? நாங்கள் குழாயைச் சொட்ட விடுவது கொழுப்பெடுத்து அல்ல. ஓடுகிற தண்ணீர் உறையாது. இன்று காலை அம்மாவிடம் முடிக்குச் சாயம் போட வந்த ரதோஸ்வேதா அத்தை தலை நிறையச் சாயத்தோடு உட்கார்ந்திருக்க, குழாய் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. பனியை அள்ளி வந்து அடுப்பில் உருக்கினோம். "ஏண்டி கலினா, என்னை ஊறுகாய் போடுறியா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா தலை அலசி, முடி வெட்டித்தான் எனக்குச் சோறு போடுகிறாள். தண்ணீர் இல்லையென்றால் யார் வருவார்கள்?

உங்கள் தூக்கத்தைக் கெடுக்க நான் ஒருத்தி போதும். வால்வை விட்டுவிடுங்கள்.

டெசா

*

ஜனவரி 12

டெசிஸ்லாவா,

வால்வு என் நிலவறையில் இருக்கிறது. மூடுவேன், திறப்பேன். இரவெல்லாம் என் தலைமாட்டில் சொட்டுச் சத்தம். என் தம்பிக்குப் பிறகு அந்தப் பாதி வீடு எனக்குத்தான் வந்திருக்க வேண்டும். உன் அம்மா எனக்கு விற்றுவிட்டுப் போகட்டும், எல்லாம் தீரும்.

என் கதவுப்பிடியில் ஈரத்துணி சுற்றி உறைய வைத்தது யாரென்றும் தெரியும்.

ஸ்டாமென்

*

ஜனவரி 17

பெரியப்பா,

கதவுப்பிடிக்கு நான் பொறுப்பு. சுவருக்கு நீங்கள்.

இரவு மூடினீர்கள், நின்ற தண்ணீர் உறைந்து சுவருக்குள்ளேயே குழாயைப் பிளந்தது. மதியம் திறந்தீர்கள், வெள்ளம் உங்கள் கட்டிலுக்கே வந்தது. "ஐயோ, என் மெத்தை!" என்று நீங்கள் அலறியபோது சிரித்தது நான்தான்.

குழாய்க்காரர் கோஸ்தா நடுச்சுவரின் செங்கல்லை இரு பக்கமும் உடைத்துக் குழாய்க்கு ஒட்டுப் போட்டார். இந்தக் குளிரில் பூச்சு பிடிக்காது, ஓட்டை வசந்தம் வரை இருக்கட்டும் என்றார். அதன் வழியாகத்தான் அம்மா உங்களிடம் கேட்டாள்: "அத்தான், இனிமேலாவது ராத்திரி மூடாதீங்க."

"வித்துட்டுப் போ. போற இடத்துல தாராளமா தண்ணி குடி."

அன்று இரவும் மூடினீர்கள்.

டெசா

*

ஜனவரி 18

வால்வை மூடி, அதன் கைப்பிடியைக் கழற்றி எடுத்துவிட்டேன். விற்பனைப் பத்திரத்தோடு வந்தால் தருகிறேன்.

ஸ்டாமென்

*

ஜனவரி 23

ஸ்டாமென் அவர்களுக்கு,

அம்மாவின் நாற்காலி, கண்ணாடி, பேசின் எல்லாம் ரொட்டிக்கடையின் பின்னறைக்குப் போய்விட்டன, நாங்களும்தான். அங்கே தண்ணீர் யாரையும் கேட்காமல் வருகிறது. ரதோஸ்வேதா அத்தைதான் முதல் ஆள்.

வீட்டை விற்கவில்லை. விற்கவும் மாட்டோம். பூட்டியே கிடக்கும். இனி இந்தப் பக்கம் அடுப்பு எரியாது. உங்கள் சமையலறைக்குப் போகும் குழாய் இந்தக் குளிர்ந்த சுவருக்குள்தான் போகிறது. கைப்பிடியைக் கட்டிக்கொண்டு தூங்குங்கள்.

கிளம்பும்போது அம்மா அந்த ஓட்டையில் ஒரு கம்பளிக் கோட்டைத் திணித்தாள். "அவருக்கு நெஞ்சுச்சளி. காத்து நேரா கட்டில்ல அடிக்கும்."

"அடிக்கட்டுமேம்மா!"

காதிலேயே வாங்கவில்லை. நான் அதைப் பிடுங்கத் திரும்புவதற்குள் கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அது உங்கள் தம்பியின் கோட்டு. வேண்டாமென்றால், உங்கள் பக்கத்திலிருந்து நீங்களே பிடுங்கி எறியுங்கள்.

கலினாவின் மகள்