மூன்றாம் முறை திறந்துவிடும் கதவு

என் பிரியமுள்ள ஸ்டெல்லா மைனிக்கு,

சுகமா என்று கேட்கத்தான் கை போகிறது. பழக்கதோஷம். நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் புதுக்கடையில் உள்ள நம் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் ஹாலில் கம்ப்யூட்டர் இருக்கும் மூலையைத்தான் பார்க்கிறேன்.

உங்கள் கேம் அந்த இணையப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. போன வாரம் மலேசியாவிலிருந்து ஒருவர் கருத்து எழுதியிருந்தார். "படமெல்லாம் கையால் வரைந்ததா? அந்தக் கடற்கரையில் போய் நிற்கணும்போல் இருக்கிறது" என்று. இன்னொரு பெண், கதை முடிந்ததும் தன் தம்பிக்கு போன் போட்டாளாம். எல்லோருக்கும் அண்ணன்தான் பதில் போடுகிறான். மஸ்கட்டை விட்டு வந்தபிறகு ஒற்றை விரலால் தமிழ் தட்டப் படித்துக்கொண்டான். "நன்றி. செய்தது என் மனைவி." அவ்வளவுதான் எழுதுவான்.

அந்தக் கருத்துகளுக்கெல்லாம் மேலே, வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில், ஒற்றை நட்சத்திரத்தோடு நாஞ்சில்புலி என்று ஒருவர் எழுதியது நிற்கிறது. நீங்கள் கடைசிவரை தேடிய புலி.

அது நான்தான் மைனி.

எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை உங்களிடம் சொல்ல எத்தனை நாள் வாய் திறந்து மூடியிருக்கிறேன் தெரியுமா? அடுக்களையில் நீங்கள் மீன் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றிருக்கிறேன். "என்ன மக்கா, சாயா வேணுமா?" என்று கேட்பீர்கள். ஆமாம் என்பேன். சாயாவைக் குடித்துவிட்டுப் போய்விடுவேன். என்னைப்போல ஒரு பேடி உண்டா?

உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பி.ஈ. முடித்து வேலையில்லாமல் வீட்டில் இருந்த வருடம் அது. போன இன்டர்வியூ எல்லாவற்றிலும் "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள், ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. எனக்கென்று வாங்கின கம்ப்யூட்டரில் நீங்கள் உட்கார்ந்து கேம் செய்துகொண்டிருந்தீர்கள். டிப்ளமா படித்தவர். கடப்புறத்து மீனவக் குடும்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். அம்மா அந்தக் கடப்புறம் என்ற சொல்லை எப்படி இழுத்துச் சொல்லுவாள் என்று உங்களுக்கே தெரியும். நான் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன், அதையும் இங்கேயே ஒத்துக்கொள்கிறேன்.

போஸ்டர் கலரில் ஒவ்வொரு அறையாக வரைந்தீர்கள். அதை பிரௌசிங் சென்டரில் ஸ்கேன் செய்துகொண்டு வருவீர்கள். கடலுக்குப் போன வள்ளம் திரும்பி வருகிறது, அண்ணன்காரன் வரவில்லை. தங்கச்சி வீடு வீடாகப் போய் விசாரிக்கிறாள். மவுஸால் தொட்டுத் தொட்டு அவளை நடத்திக்கொண்டு போகவேண்டும். "சாயங்கால வள்ளம்" என்று பெயர் வைத்தீர்கள். ஆட்களின் குரலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். கிழவியின் குரலுக்கு ஆள் கிடைக்காமல் நீங்களே தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு பேசினீர்கள்.

கேம் வெளிவந்த வாரம் சபையில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது மாமா சொன்னார்: "எஞ்ஜினியரிங் படிச்சவ சோறு தின்னுட்டு உறங்குதா. டிப்ளமா படிச்சவ கேம் போட்டு அதை மலேசியாக்காரன் விளையாடுதான். கொள்ளாம்!" எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. "அவ படிச்சதுல பாதி எனக்குத் தெரியாது மாமா" என்றீர்கள். அதுதான் எனக்குக் கூடுதலாக எரிந்தது. யார் கேட்டது இரக்கம்?

மறுநாள் மத்தியானம் நீங்கள் துணி துவைக்கப் போனபோது விளையாட உட்கார்ந்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன், வேறெதற்கும் இல்லை. முதல் காட்சி கடற்கரை, சுலபமாக முடிந்தது. இரண்டாவது காட்சி துஷ்டி வீடு. வள்ளத்துக்காரர் இறந்து கிடக்கிறார், தங்கச்சி அங்கே போய் விஷயத்தை விசாரித்துவிட்டாள், இனி வெளியே வரவேண்டும். வாசலைத் தொட்டால் மூன்று வசனம் வருகிறது. "போயிட்டு வாறேன்." "நாளைக்கு வாறேன்." "நேரமாச்சு, எறங்குதேன்." முதலாவதைத் தொட்டேன். மூலையிலிருந்து கிழவி, "இரி மக்கா, இப்பம் வந்துட்டு ஒடனே எறங்குதியா?" என்றாள். தங்கச்சி திரும்பப் போய்ப் பாயில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவதைத் தொட்டேன், இரி மக்கா. மூன்றாவதையும் தொட்டேன். அதற்கும் இரி மக்கா. மாற்றி மாற்றி ஒரு மணிக்கூர் தொட்டிருப்பேன். அந்தச் சவத்துக் கிழவி விடமாட்டேன் என்றாள்.

ஆகா, மைனி மாட்டிக்கொண்டாள் என்று எனக்கு ஒரு சந்தோஷம். ஜங்ஷனுக்குப் போய் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து எழுதினேன். "இரண்டாம் காட்சியில் கேம் சுற்றிச் சுற்றி அதே இடத்தில் நிற்கிறது. வெளியே வர வழியே இல்லை. மூன்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாயிற்று. முடிக்கத் தெரியாதவர்கள் ஏன் கேம் செய்ய வருகிறார்கள்? இதில் பேசுகிற பாஷையும் ஒன்றும் விளங்கவில்லை."

மூன்று கம்ப்யூட்டர் என்பது பச்சைப் பொய். ஒன்றில்தான் பார்த்தேன், அதுவும் உங்கள் மேஜையில். பாஷை விளங்கவில்லை என்பது அதைவிடப் பெரிய பொய். நானும் நாள் முழுக்க அதைத்தானே பேசுகிறேன்?

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் என் வரியைப் பிடித்துக்கொண்டார்கள். "மேலே ஒருவர் சொன்னது சரிதான், எனக்கும் நின்றுவிட்டது." "பாட்டும் படமும் அருமை, ஆனால் கேமில் பிழை இருக்கிறதாமே, பதிவிறக்கவில்லை." பத்து நாள் கழித்து ஒருவர் எழுதினார்: "நானும் அங்கே மாட்டிக்கொண்டேன். பின்னால் நின்ற அம்மா சொன்னாள், துஷ்டி வீட்டில் போயிட்டு வாறேன்னு சொல்லுவாங்களாடா, பேசாம எழும்பிப் போ என்று. எந்த வசனத்தையும் தொடாமல் முற்றத்தில் கிடந்த செருப்பைத் தொட்டேன். வெளியே வந்துவிட்டேன்."

படித்ததும் எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. முந்தின வாரம்தான் சித்தப்பா செத்த வீட்டிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்திருந்தேன். பால்குடி மாறாத நாளிலிருந்து தெரிந்த விஷயம் மைனி. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் எங்கே போயிற்று அது? அன்றைக்கே அந்தக் கருத்தை அழித்திருக்கலாம். அழித்தால் தோற்றதாக ஆகிவிடுமே என்று விட்டுவிட்டேன்.

அந்த அம்மா சொன்னதுதான் நீங்கள் வைத்த வழி. ஆனாலும் நீங்கள் அதோடு விடவில்லை, புலி சொன்னதையும் நம்பினீர்கள். "வழி தெரியாம நின்னவங்க வேற. புலி மூணு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்திருக்காரு, அப்பம் எங்கயோ கோளாறு இருக்கு" என்றீர்கள். மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறிப்போய் கடை கடையாக வெவ்வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தீர்கள். வெயிலில் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்து என்னைக் கேட்டீர்கள்.

"ஏட்டி ஷீபா, நீ எஞ்ஜினியரு தானே. நீ விளையாடிப் பாத்தியா? ஒனக்கு அந்த இடத்துல நின்னுச்சா?"

"நான் ஒங்க கேமைத் தொறந்தே பாக்கல்ல மைனி. எனக்கு வேற வேலை இல்லயா?"

"அப்பிடியா" என்றீர்கள். அந்த முகம் இருக்கிறதே, அது என்னை விடுவதில்லை. புலியின் ஒற்றை நட்சத்திரத்தைவிட அந்த பதில்தான் உங்களைக் கூடுதலாக நோகடித்தது, இல்லையா?

புலிக்கு நீங்கள் எழுதின பதிலும் அந்த இணையப் பக்கத்தில் இருக்கிறது. "மதிப்பிற்குரிய நாஞ்சில்புலி அவர்களுக்கு, உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிக்கவும். எந்த மூன்று கம்ப்யூட்டர் என்று சொன்னால் சரிசெய்து தருவேன்." அவர்களுக்காம்! இரண்டு மாதம் கழித்து இன்னொரு தடவை கேட்டிருக்கிறீர்கள். பிறகும் ஒரு தடவை. பக்கத்து அறையில் இருந்துகொண்டு அதையெல்லாம் படித்தேன்.

கடைசியில் கேமையே மாற்றினீர்கள். மூன்றாம் முறை "போயிட்டு வாறேன்" சொன்னால் கதவு தானாகத் திறக்கும்படி. மாற்றின அன்றைக்கு உங்களுக்கு ஒரே வெப்ராளம், மனசு கேட்கவில்லை. "துஷ்டி வீட்டுல எவளாவது சொல்லிட்டு எறங்குவாளா மக்கா? விளையாடுதவங்க என்னையக் காறித் துப்புவாங்க. ஆனா அந்தப் புலி அண்ணனுக்கு வழி வேணுமே, கேட்டியா" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் வேறு கேம் செய்யவில்லை. பாதி வரைந்த படங்கள் அலமாரியில் ரப்பர் பேண்ட் போட்டுக் கிடக்கின்றன.

நான் கல்யாணமாகி பூதப்பாண்டிக்குப் போனேன். நீங்கள் காய்ச்சல் என்று படுத்தீர்கள், பதினொரு நாளில் முடிந்துவிட்டது. உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த சாயங்காலம் என் பிள்ளை அழுதுகொண்டே இருந்தாள். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கிளம்ப வேண்டும். பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, நினைப்பில்லாமல் சொல்லிவிட்டேன்.

"போயிட்டு வாறேன் அண்ணா."

முற்றத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சித்தி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "ஏட்டி, துஷ்டி வீட்டுல என்ன பேச்சு பேசுத? இரி. உள்ள வந்து இருந்துட்டு, பொறவு பேசாம எழும்பிப் போ." திரும்ப உள்ளே கூட்டிக்கொண்டு போய் உங்கள் படத்துக்கு முன்னால் பாயில் உட்கார வைத்துவிட்டாள்.

உட்கார்ந்தேன் மைனி. உங்கள் இரண்டாம் காட்சிக்குள்ளேயே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டீர்கள். அன்றைக்கு எல்லோரும் நான் உங்களை நினைத்து அழுகிறேன் என்றுதான் நினைத்தார்கள். எனக்காகத்தான் அழுதேன், வெட்கத்தில். பிறகு ஒருவரிடமும் சொல்லாமல் செருப்புக் குவியலில் என் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

அதிலிருந்து உங்கள் கேமை முழுக்க விளையாடிவிட்டேன். ஐந்து தடவை. தங்கச்சி கடைசியில் அண்ணனின் துடுப்பைக் கண்டெடுக்கிற இடம் உங்களால் மட்டும்தான் முடியும். ஆனால் நான் அடிக்கடி போவது துஷ்டி வீட்டுக்குத்தான். அந்தக் கிழவியின் குரல் உங்களுடையதல்லவா? உங்கள் குரல் என்று எங்கள் கையில் வேறொன்றும் இல்லை. "போயிட்டு வாறேன்" தொடுவேன், "இரி மக்கா" என்பீர்கள். இன்னொரு தடவை தொடுவேன், "இரி மக்கா." மூன்றாவது தொட்டால் கதவு திறந்துவிடும். நீங்கள் ஒன்றும் சொல்லமாட்டீர்கள். அந்தக் கதவைத் திறந்து வைத்தது நான்.

பழைய கேம் இருக்கிற சிடி அண்ணனின் அலமாரியில் இருக்கிறது என்று தெரியும். அதைக் கேட்டால் காரணம் சொல்லவேண்டும். "அந்தப் புலி மட்டும் என் கையில கெடைக்கட்டும்" என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறவன் அவன். இருந்தாலும் போன ஞாயிற்றுக்கிழமை போனேன். நின்றுகொண்டே சொன்னேன், உட்காரத் தைரியம் வரவில்லை.

அண்ணன் ஹாலில் கம்ப்யூட்டர் இருக்கும் மூலையைப் பார்த்தான். பிறகு, "அவ ஆஸ்பத்திரியில வச்சும் கேட்டா, புலி பதில் போட்டாரான்னு" என்றான். எழும்பிப் போய் சிடியை எடுத்து வந்து மேஜையில் வைத்தான், என் கையில் தரவில்லை. அதை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வாறேன் அண்ணா" என்றேன். இந்தமுறை சொல்லலாம்தானே? அவன் சரி என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதில் நியாயம் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை உங்கள் கேமின் கருத்துப் பெட்டியில்தான் போடுகிறேன், புலி எழுதின வரிக்கு நேர் கீழே. சிடி உறையில் உங்கள் கையெழுத்திலேயே இருந்த பாஸ்வேர்டைப் போட்டு, கதவு திறக்காத பழைய கேமையே பக்கத்தில் திரும்ப ஏற்றிவிட்டேன். இனி யார் வந்து வழியில்லை என்று எழுதினாலும் என் சொந்தப் பெயரில் பதில் போடுவேன், பிழை கேமில் இல்லை என்று. அண்ணன் பேசுகிறவரை ஞாயிற்றுக்கிழமை தோறும் புதுக்கடைக்குப் போவேன். அவன் பேசாவிட்டாலும் போவேன்.

மன்னிப்பு கேட்கவில்லை மைனி. எந்த மூன்று கம்ப்யூட்டர் என்று கேட்டிருந்தீர்களே, அதற்கு பதில் மட்டும்: மூன்று இல்லை, உங்கள் மேஜையில் இருந்த அந்த ஒன்றுதான்.

இனி பேசாமல் எழும்பிப் போகவேண்டிய இடம். முறை எனக்குத் தெரியும். ஆனாலும் கதவு திறக்காது என்ற தைரியத்தில் சொல்கிறேன், போயிட்டு வாறேன் மைனி. இரி மக்கா என்று சொல்லுங்கள்.

நாஞ்சில்புலியாக இருந்த
உங்கள் நாத்தனார்,
ஷீபா