யாரு கேக்கறது?

அன்புள்ள மகள் லரிஸாவுக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கம் கிடக்கும் நாற்காலி, குடும்பத்துக்கு நெடுநாளாக ஆற்றிவந்த கிறீச்சுச் சேவையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. அப்பா உட்கார்ந்தாலும் சத்தமில்லை, எழுந்தாலும் சத்தமில்லை. மற்றபடி இங்கே மூவரும் சௌக்கியம், அதில் ஒருவர் மட்டும் பாதி அளவில் சௌக்கியம். விமானம் வந்தால்தான் தபால் என்கிற அந்த வடக்கு ஊர் ஆஸ்பத்திரி வேலையில் நீ முழு அளவில் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருடைய ஆசையும். மேலே ‘மகள்’ என்று இருப்பதைப் பார்த்துத் திகைக்காதே, உன் தம்பி நெஸ்டருக்குப் பதினாறு வயதில் உன்னைப் போல் ஒரு பிள்ளை பிறந்துவிடவில்லை. கடிதம் அப்பாவுடையது, கை மட்டும் என்னுடையது. நீ போன தபாலில் ‘அப்பா ஒளிஞ்சு திங்கறாரா இல்லையா, யாராவது ஒருத்தர் உண்மையைச் சொல்லுங்க’ என்று கேட்டிருந்தாய் அல்லவா, அதைப் படித்துவிட்டு அப்பா என் முன்னால் தாளை வைத்து, “நான் எழுதினா அவ நம்ப மாட்டா, நீயே எழுதுடா, கடைசில கையெழுத்து போடறேன்” என்று சொல்லிவிட்டுப் பேருந்தைக் கழுவப் போய்விட்டார். ஆகவே பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஓரஸ்டின் அதிகாரபூர்வ மனச்சாட்சியாக உன்னுடன் பேசுகிறேன்.

நீ கோடையில் பார்த்துவிட்டுப் போன அப்பா இப்போது இல்லை. எடையைக் குறைக்க வினிபெக் ஆஸ்பத்திரியில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்தபோது பசியைச் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விட்டது என்று டாக்டர் சொன்னாராம். முன்பெல்லாம் அப்பாவுக்குப் பசி எடுக்கும், இப்போது டாக்டரே அதை எடுத்துவிட்டார். முகத்தில் கன்னம் இருந்த இடத்தில் எலும்பு இருக்கிறது, கழுத்துத் தோல் யாரிடமோ இரவல் வாங்கியது போல் தொங்குகிறது, அவர் கதவைத் திறந்துகொண்டு வரும்போது அரை நொடி, இது யாரென்று பார்க்கிறேன். அவருடைய பழைய துணிகளையெல்லாம் அம்மா மூட்டை கட்டி மாதா கோயிலுக்குக் கொடுத்துவிட்டாள், அந்தப் பழுப்பு நிறக் குளிர்க்கோட்டு மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. இப்போது அவர் ஒரு குட்டித் தட்டில், முட்டையோ கோழியோ முதலில், பிறகு மற்றது, நன்றாக மென்று மெதுவாகச் சாப்பிடுகிறார், சாப்பிடும்போது தண்ணீர் குடிப்பதில்லை. சாப்பாட்டு வேளையில் அவரைப் போல் நல்ல பிள்ளை மாநிலத்திலேயே கிடையாது. வில்லங்கம் இரண்டு வேளைக்கு நடுவில்தான். இரைப்பை போனாலும் அதன் இரைச்சல் போகவில்லை. உனக்குத் தெரியும், உப்புப் போட்ட சூரியகாந்தி விதையை இடது கன்னத்தில் அடக்கி, கையே படாமல் பல்லால் உடைத்து, தோலை வலது ஓரமாகத் துப்பிக்கொண்டே எத்தனை மைல் ஓட்டியிருக்கிறார். அறுவைக்குப் பிறகும் கை விதை இருக்கும் அலமாரிக்குப் போய்க்கொண்டிருந்தது. அறுவை முடிந்தவர்களைக் கவிழ்ப்பது விருந்து இல்லை, இந்தக் கொறிப்புதான், போன எடை கொறிப்பின் வழியாகத்தான் திரும்பி வரும் என்று ஆஸ்பத்திரி ஊட்டச்சத்துக்காரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். பெரியப்பா மெத்ரோ சாப்பாட்டு மேசையிலேயே தலை சாய்த்து உயிரை விட்டபோது இருந்த எடைதான் போன வருஷம் அப்பாவுக்கும் இருந்தது என்பதை நம் வீட்டில் யாரும் வாயால் சொல்வதில்லை, ஆனால் அம்மா அலமாரிக் கதவுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவாள்.

அந்த ஊட்டச்சத்துக்காரம்மா சொல்லிக்கொடுத்த வித்தை ஒன்று உண்டு. கை தீனிக்குப் போகும்போது நின்று, வாய்விட்டே, ‘யாரு கேக்கறது’ என்று கேட்க வேண்டும். வயிறு கேட்கிறதா, வாய் கேட்கிறதா, சலிப்பு கேட்கிறதா என்று அப்போது தெரியுமாம். கேக்கறது என்ற சொல்லிலேயே ஒரு கேக் இருக்கிறது, இதை வைத்து எப்படி ஆளை இளைக்க வைப்பார்கள் என்று நான் சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை. அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஆளில்லாத சமையலறையில் அலமாரி முன்னால் நின்றுகொண்டு, தாழ்ந்த குரலில், “யாரு கேக்கறது?” என்பார். கொஞ்சம் காத்திருப்பார். பிறகு கதவை மூடிவிட்டு வந்துவிடுவார். பக்கத்து அறையில் இருந்து கேட்கும்போது முதுகில் என்னவோ ஊரும், ஏனென்றால் அவர் பதிலுக்காக நிஜமாகவே காத்திருப்பது போல் இருக்கும். எனக்குப் பயம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். அதனால் ஒரு சனிக்கிழமை மத்தியானம், பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, நிலவறைக்கு இறங்கி, கணப்பிலிருந்து சமையலறைத் தரைக்குச் சூடு போகும் குழாயில் வாயை வைத்துக் காத்திருந்தேன். மேலே அலமாரி திறந்தது. “யாரு கேக்கறது?” என்றார். நான் குழாய்க்குள், வயிற்றிலிருந்து குரலை எடுத்து, “நான்தான்” என்றேன். மேலே அலமாரிக் கதவு படாரென்று மூடியது. அன்றிலிருந்து அப்பா அந்த அலமாரியைத் தொட்டதில்லை. வினிபெக்கில் அவ்வளவு பேர் படித்துப் பட்டம் வாங்கிச் செய்ய முடியாததை உன் தம்பி ஒரே சொல்லில் செய்து முடித்தான் என்பதைக் குறித்துக்கொள்.

பிறகு கிறிஸ்துமஸ் முன்மாலை வந்தது. நீ இல்லாமல் மூன்றே பேர். முதல் நட்சத்திரம் வந்ததும் விளக்கேற்றி, அம்மா செத்தவர்களுக்கான தட்டை மெத்ரோ பெரியப்பாவின் இடத்தில் வைத்தாள். அவசரத்தில் எந்தத் தட்டு சும்மா இருந்ததோ அதை எடுத்து வைத்துவிட்டாள், அது அப்பாவின் பழைய பெரிய தட்டு, நீலக் கரை போட்டது. அப்பா தேவாலயத்துப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார், இத்தனை வருஷப் பழக்கம், தட்டு எங்கே இருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துவிட்டார். ஆவி யாராவது உட்கார்ந்திருந்தால் நசுங்கக்கூடாதே என்று எல்லோரும் நாற்காலியை ஊதிவிட்டு உட்காரும் நாள் அது, அவர் ஊதவும் இல்லை. அம்மா கையில் பீட்ரூட் சூப்போடு நின்றவள் நின்றவள்தான். “ஓரஸ்ட், எந்திரி, அது மெத்ரோவோட எடம்” என்றாள். “என் தட்டு இங்கதானே இருக்கு” என்றார் அப்பா. அப்புறம் தட்டைக் குனிந்து பார்த்தார், தேனும் கசகசாவும் சேர்த்த கோதுமை குவியலாக இருந்தது, எழுந்துகொண்டார். “சரிதான். இந்தத் தட்டுக்காரன் போய்ட்டான். அவனுக்கும் வை ஸ்டெஃபா” என்றார். அன்றைக்கு அம்மா சாப்பிடவே இல்லை. செத்தவர் இடத்தில் உயிரோடு உட்கார்ந்தவர் அடுத்த முன்மாலைக்கு இருக்க மாட்டார் என்று அவள் ஊரில் சொல்வார்களாம், அதை என்னிடம் மட்டும் பாத்திரம் கழுவும்போது சொன்னாள்.

அந்தத் தட்டை அப்பா இன்னும் மேசையை விட்டு எடுக்கவிடவில்லை, அவருடைய நாற்காலிக்கு எதிரே கொண்டுவந்து வைத்துவிட்டார். தினமும் மத்தியான ஓட்டத்துக்குக் கிளம்புமுன், பேருந்தில் வைத்திருக்கும் பையிலிருந்து ஒரு கை விதை அதில் போடுகிறார். “கேக்கறவன் நான் இல்லடா, அவன். அவனுக்குப் போட்டுட்டா என்னை விட்டுருவான்” என்கிறார், உரம் போடுவதைப் பற்றிச் சொல்வது போல் சாதாரணமாக. அவர் பண்ணைச் சாலைப் பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டுத் திரும்பும்போது தட்டில் தோல் மட்டும் இருக்கிறது. அம்மா வங்கி வேலையிலிருந்து வந்து அதைப் பார்க்கிறாள், அப்பாவைப் பார்க்கிறாள், பேசாமல் கோட்டைக் கழற்றுகிறாள். அவர்தான் தின்கிறார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள், உனக்கு அவள் எழுதியதும் அதனால்தான். போன வாரம் இன்னொன்று நடந்தது. பேருந்தில் வரும் குட்டிப் பெண் ஒருத்தி இறங்கும்போது, “அந்தப் பெரிய டிரைவர் மாமா எப்ப திரும்ப ஓட்டுவாரு?” என்று கேட்டாளாம். “நான்தாம்மா அது” என்றாராம் அப்பா. “இல்ல. அவரு கடைசி சீட்டுல உக்காந்து விதை தின்னுட்டு வராரே” என்றாளாம். அப்பா கண்ணாடியில் பார்த்தார், வழக்கமான பிள்ளைகள்தான் இருந்தார்கள். இதை அவர் எங்களிடம் சொல்லிவிட்டுச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நான் ரொம்பச் சிரித்தேன்.

ஆக உன் கேள்விக்கு, தந்தையின் ஸ்தானத்திலிருந்து பதில்: அப்பா ஒளிந்து தின்னவில்லை. வினிபெக்கில் ரத்தம் பார்த்து, எடை பார்த்து, சபாஷ் என்று அனுப்பியிருக்கிறார்கள், அந்த இயந்திரம் பொய் சொல்லாது. விதை எங்கே போகிறது என்று நீ மூளையைக் கசக்காதே, இங்கே அச்சம் என்பதே அறியாத ஓர் ஆண்மகன் காவலுக்கு இருக்கிறான். அப்பா உன்னைக் காலுறை இரண்டு ஜோடியாகப் போடச் சொல்கிறார், நோயாளிக்கு ஊட்டிவிட்டு நீ நின்றுகொண்டே தின்கிறாயாம், உட்கார்ந்து சாப்பிடச் சொல்கிறார். அம்மா காலையில் வெறும் காபியோடு ஓடாதே என்கிறாள். கசகசா ரொட்டி வைத்து அனுப்பும் தகர டப்பா அவளுடைய அம்மா கொடுத்தது, மறக்காமல் திருப்பி அனுப்பு. இருவருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, பனி உன்னிடம் பதமாக நடந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் தந்தை ஓரஸ்ட்
(எழுத்து நெஸ்டர், கையெழுத்து அசல்)

பின்குறிப்பு: அப்பா படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பிறகு தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அக்கா, கடைசி சீட்டில் வழக்கமாக உட்காரும் பிள்ளை நான்தான், பாதி வழியில் நம் வீட்டில் இறங்கிக்கொள்வேன், அப்பா ஓட்டம் முடித்துத் திரும்ப அதற்குப் பிறகும் நேரம் ஆகும். அந்தப் பழுப்புக் கோட்டு என்மேல்தான் இருக்கிறது, அதன் பையெல்லாம் தோல். முதல் நாள் தட்டு விதையை வேண்டுமென்றேதான் தின்றேன், அப்பா வந்து தோலைப் பார்த்து நடுங்கட்டும் என்று. மறுநாள் எதற்குத் தின்றேன் என்று தெரியவில்லை. எனக்குப் பசி இல்லை, கை மட்டும் போகிறது. என் கால்சட்டைப் பொத்தான் எதுவும் மாட்டவில்லை. கன்னத்தில் அடக்கி உடைக்க எனக்கு வராது என்று நீயே எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறாய், இப்போது வருகிறது, இடது கன்னம், தோல் வலது ஓரமாக, யாரும் சொல்லித் தரவில்லை. நேற்று பள்ளிவிட்டு வந்து, வீட்டில் யாருமில்லை, தட்டின் முன்னால் நின்று நானும் வாய்விட்டு, “யாரு கேக்கறது?” என்று கேட்டுப் பார்த்தேன். தரைக் குழாய்க்குள்ளிருந்து “நான்தான்” என்றது. என் குரல்தான். ஆனால் நான் மேலே இருந்தேன். அதனால் பயம் கிடையாது என்று முன்பக்கத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன், இரண்டையும் அடித்துவிடு. இன்றைக்கு அம்மா வந்ததும் சொல்லிவிடுகிறேன், அவள் அப்பாவோடு மறுபடி பேச வேண்டும், நானும் அந்த ஊட்டச்சத்துக்காரம்மாவைப் போய்ப் பார்க்க ஒரு நாள் குறித்துத் தர வேண்டும். இதை அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதினேன். ஊதிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். முதல் பக்கத்து அறிவிப்பையும் திருத்திக்கொள், நாற்காலி மறுபடி கிறீச்சிடுகிறது.