தக்காளிக்குப் போட்ட கூரை

கடைசியாகச் சந்தித்தபோது நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்து வேறு எத்தனையோ கதைத்த பிறகு, "மிஸ், அந்தத் தக்காளி காய்ச்சிருக்குமா?" என்று கேட்டீர்கள். தெரியாது என்றேன். "நல்லது. ஆரும் கேட்டா இப்பிடியே சொல்லுங்க. நாங்க என்னவோ பெரிய தியாகம் செஞ்சமெண்டு கதை கட்டிடாதீங்க" என்றீர்கள்.

கட்டவில்லை. ஆனால் இன்று காலை சந்தைக்குப் போயிருந்தேன். வெங்காயம் விற்பவரின் தள்ளுவண்டிக்கு மேல் ஒரு பழைய பொலித்தீன் கட்டியிருந்தது. சூடேறிய பொலித்தீனும் காய்ந்த சுண்ணாம்பும் சேர்ந்து வரும் அந்த வாடை எங்கள் வேலைத்தலத்துக்கே உரியது. நின்று மேலே பார்த்தேன். மஞ்சளித்துப்போன விரிப்பில் வெள்ளைத் தீற்றல்கள் குறுக்கே ஓடின. நான் சுண்ணாம்பை நீளவாக்கில் பூசுகிறவள். குறுக்கே இழுப்பது நீங்கள்.

எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். "கை மாறிக் கை மாறி வந்தது மிஸ். ஏன், திருப்பிக் கேக்கவோ வந்தனீங்கள்?" என்றார். இல்லை என்றேன். அது எங்கள் கூரைதான் என்று நிரூபிக்க என்னால் முடியாது. குறுக்கே சுண்ணாம்பு பூசுகிறவர்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள். வெங்காயத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரே அறையில், எதிரெதிர் மேசைகளில் அத்தனை வருடம் இருந்தும் நாங்கள் 'நீங்கள்' என்பதிலிருந்து கீழே இறங்கவில்லை. நீங்கள் பூச்சியும் நோயும் படித்தவர், நான் பயிர். நீங்கள் கிண்ணியாவிலிருந்து துறை கடந்து வர வேண்டும், துறை கடந்து போக வேண்டும். எங்கள் வேலைநாளின் நீளத்தை அரசாங்கம் தீர்மானிக்கவில்லை, 'பாதை' என்று நாங்கள் சொல்லும் அந்தத் துறைப் படகு தீர்மானித்தது. படகு இல்லாத நாட்களில் உங்கள் மேசையைப் பார்த்தபடி நான் ஒருத்தியாகத் தேநீர் குடித்தேன்.

சாம்பல்தீவுப் பக்கம் இருந்த அந்தச் சிறு நிலத்தில் எங்களுக்குக் கொடுக்கப்பட்டது எளிமையான கேள்வி. மாரியில் இங்கே தக்காளி அழுகிவிடும். அதே மாரியில்தான் தெருவும் அடிக்கடி மூடப்படும், வெளியிலிருந்து மரக்கறி லொறி வராது. மழையை மறைத்து ஒரு கூரை போட்டால் இங்கேயே காய் எடுக்கலாமா?

அந்தக் கூரைக்கான பொலித்தீன் சுருள் வந்துசேர்ந்ததே ஒரு கதை. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறக்கி, விரித்து, திரும்பச் சுருட்டினோம். தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரர், "இதுக்குக் கீழ என்ன வளர்ப்பீங்க?" என்று கேட்டார். தக்காளி என்றேன். "ஏன், நனைஞ்சா தக்காளிக்குத் தடிமன் பிடிக்குமா?" என்றார். "ஓம் சேர், காய்ச்சலும் வரும்" என்று நீங்கள் முகம் மாறாமல் சொன்னீர்கள். அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

முதலில் கட்டியது மலைநாட்டுக்கு வரைந்த படத்தைப் பார்த்து. குளிருக்கு ஏற்றபடி சுற்றிவர மூடிய கூடாரம். வெக்கையான கச்சான் காற்று தொடங்கியதும் உள்ளே நிற்க முடியவில்லை. பூக்கள் விரியாமலே உதிர்ந்தன. நீங்கள் அதற்குக் குசினி என்று பெயர் வைத்தீர்கள். "மிஸ்ஸின்ட குசினிக்குள்ள போய்ட்டு வாறன், வெந்திருந்தா சொல்லுறன்." அடுத்ததும் சரிவரவில்லை. அதற்கடுத்த கூடாரத்தில் பக்கங்களைத் திறந்துவிட்டு, முகட்டிலும் சூடு வெளியேற நீள வாய் வைத்தோம். வெயில் மாதங்களில் கூரைக்கு மேல் தண்ணீராய்க் கரைத்த சுண்ணாம்பு பூசினோம். அதில் பசை சேர்ப்பதில்லை. முதல் மழை அதைக் கழுவிவிட வேண்டும், ஏனெனில் மாரி இருட்டில் செடிக்கு முழு வெளிச்சமும் தேவை. அந்த வருடம் அது சொன்னபடியே நடந்தது. ஒரு பின்னேர மழை சுண்ணாம்பைக் கழுவியது. பிறகு சில நாட்கள் வெயில். செடிகள் நிறையப் பூ. நான் முதல்முறையாக நம்பத் தொடங்கியிருந்தேன், அது எனக்கு இலகுவில் வருவதில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

அப்போதுதான் இலங்கைத்துறைப் பக்கமிருந்து சண்டையால் இடம்பெயர்ந்த சனம் வந்துசேர்ந்தது. பள்ளிக்கூட வகுப்பறைகள் நிரம்பி, மிச்சமானவர்கள் முற்றத்தில் சேலைகளைக் கட்டிக்கொண்டு அதற்குக் கீழே இருந்தார்கள். தெருவில் வரும்போது நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கைப்பையைக்கூட வைக்காமல், "மிஸ், உங்கட கூரை எத்தின குடும்பத்துக்குக் காணும்?" என்றீர்கள்.

"அது தக்காளிக்குப் போட்ட கூரை."

"தக்காளி கேட்டா நான் பதில் சொல்லுறன்."

"பூ விரிஞ்சிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால்..."

"மழை பொறுக்குமா?"

சூட்டைப் பற்றிச் சொன்னேன். இது வெளிச்சத்தை உள்ளே விடும், சூட்டை வெளியே விடாது, முற்றத்தில் அதற்குக் கீழே இருக்கிறவர்கள் அவிந்துபோவார்கள் என்றேன். "அவியட்டும். நனையுறதவிட அவியுறது நல்லம்" என்றீர்கள். மேலிடத்தில் கேட்க வேண்டாமா என்றேன். "கேட்டா வேணாமெண்டுவாங்க. கேக்காட்டி ஒண்டும் சொல்ல ஏலாது." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தபடி நின்றீர்கள். கூரை என் பொறுப்பில் இருந்தது. நீங்களாகப் போய் அதில் கை வைக்கவில்லை. நான் எழுந்து ஆணி பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தேன்.

பொலித்தீனைச் சட்டங்களுக்கு இடையில் வைத்து ஆணியடித்திருந்தோம். கிழியாமல் ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்க வேண்டியிருந்தது. முகட்டுப் பக்கம் நீங்கள் ஏணியில் நின்றீர்கள், கீழே நான். விரிப்பு சரிந்து இறங்கியபோது செடிகள் திடீரென்று வெயிலில் நின்றன. "இப்ப கூரை இல்லாத பாத்தியும் கிடைச்சிட்டுது மிஸ், ஒப்பிட்டுப் பாக்கலாம்" என்றீர்கள். ஒப்பிடுவதற்குக் கூரையுள்ள பாத்தி எங்கே என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

நடுப்பகலுக்குள் பள்ளிக்கூட முற்றத்தில் அதைக் கட்டிவிட்டார்கள். கட்டிய சற்றுநேரத்தில் நான் சொன்னது நடந்தது. இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு மீன்காரப் பெண் வெளியே வந்து, எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளையள், எங்களையும் பழுக்க வைக்கவோ போறியள்?"

நான் சொன்னேன்தானே என்ற பார்வையை நான் பார்த்திருக்க வேண்டும். "பாக்காதீங்க மிஸ், சுண்ணாம்பு எங்க இரிக்கி?" என்றீர்கள். களஞ்சியத்தில் மிச்சமிருந்ததை எல்லாம் கொண்டுவந்து, வழக்கம்போலவே கரைத்தோம். நான் நீளவாக்கில், நீங்கள் குறுக்கே. உள்ளே வெயில் தணிந்தது. அந்தப் பெண் மறுபடி உள்ளே போய் அடுப்பு மூட்டினார். நீங்கள் படகுக்கு ஓடினீர்கள்.

மேலிடம் பிறகு விளக்கம் கேட்டது, கொடுத்தோம். அதற்குப் பிறகு பொலித்தீன் கேட்டு எழுதிய கடிதங்களுக்கெல்லாம் 'நிலைமை சீரானதும்' என்றே பதில் வருகிறது. நிலைமை சீராகவில்லை. நிலமும் எங்கள் கையை விட்டுப் போனது. இப்போது நகரத்துக்குள் சிறியதொரு வலைக்கூடத்தில் கீரையும் மிளகாயும் வைத்துக்கொண்டிருக்கிறேன். களைப்பாக இருக்கிறது. ஒரு கேள்வியை முடிக்கவிடாத நாட்டில் அடுத்த கேள்வியை எழுதுவது எப்படியென்று எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. உங்கள் மேசையில் இப்போது உர மூட்டைகள் இருக்கின்றன.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. கூரை விரிப்புக்கு நான் ஆணி அடிக்கவிடுவதில்லை. ஓரத்தில் கண்ணி வைத்து, கயிற்றால் கோர்த்துத்தான் கட்டச் சொல்வேன். அவிழ்ப்பதென்றால் சட்டென்று அவிழ்க்கலாம், கிழியாது. ஏன் இப்படி என்று தொழிலாளர்கள் கேட்டால், காற்றுக்கு என்று சொல்வேன். அவர்கள் நம்புகிறார்கள்.

கதை கட்ட வேண்டாம் என்றீர்கள், ஆகையால் முற்றத்தில் கூரை கட்டிய மறுநாள் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

விடியுமுன்பே மழை பிடித்தது. படகு தாமதித்தது. நீங்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். செடிகளைப் பார்க்கப் போகவில்லை, நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனோம். குடிக்க மழைத்தண்ணீர் பிடிக்கவென்று கூரையின் ஓரம் நெடுகிலும் வாளியும் பானையும் வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் பால்போல வெள்ளைத் தண்ணீர். முதல் மழையில் கழுவிப்போக வேண்டும் என்று நாங்கள் கலந்த சுண்ணாம்பு, சொன்னபடியே கழுவிப்போயிருந்தது. அந்த ஒன்று மட்டும் எங்கள் ஆராய்ச்சியில் ஒருபோதும் பிழைத்ததில்லை. மீன்காரப் பெண் ஒரு வாளியைத் தூக்கிச் சரித்துக்கொண்டே, "பால் மழை எண்டு பிள்ளையள் கூத்தாடுதுகள். உங்களைப் படிப்பிச்சவையைத்தான் பாக்க வேணும்" என்றார். நீங்கள் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் வகுப்பறை வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டீர்கள். வெயில் வந்ததும், கழுவிப்போகாதபடி சுண்ணாம்பில் கஞ்சி கலந்து, இருவருமாக மறுபடி பூசித் தருவதாக நான் சொன்னேன்.

பின்னேரம் செடிகளிடம் போனோம். தண்டுகள் கயிற்றில் நின்றன, பூக்கள் எல்லாம் சேற்றில் கிடந்தன. நீங்கள் குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டீர்கள்.

அன்று முழுவதும் மழை விடவில்லை. கூரைக்குக் கீழே யாரும் நனையவில்லை.