இரண்டு பிள்ளைகளும் ஒரு பெருநாளும்

ஓட்டமாவடி
20.02.2025

அன்பு மகள் றஸீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் றிஸ்வியும் பேத்தி பஸ்னாவும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். இது போனில் சொல்ல வேண்டிய விசயந்தான். ஆனால் என் காதைப் பற்றி உனக்குத் தெரியும். நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று விளங்குவேன், கடைசியில் இரண்டு பேரும் கத்துவோம். அரசாங்கக் கச்சேரியில் முப்பத்தொரு வருடம் கடிதம் எழுதிய கை இது. ஆகவே எழுதியே சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை நான் நிக்காஹ் செய்துகொண்டேன். அவவின் பெயர் முப்லிஹா. வயது ஐம்பத்தாறு. மாப்பிள்ளை மௌத்தாகி எட்டு வருடம், பிள்ளைகள் இல்லை. இங்கே பாலத்துக்குக் கிட்டத் தன் சொந்த வீட்டில் இருந்து தையல் தைக்கிறா. கூட்டாளியைப் பார்த்துவிட்டு மூன்று நாளில் வருகிறேன் என்று உன்னிடம் சொல்லி வந்தது பொய். அதற்கு மன்னித்துக்கொள்.

சொல்ல நினைக்காமல் இல்லை. ஒரு பின்னேரம் நீ தேத்தண்ணி கொண்டு வந்தபோது வாய்வரைக்கும் வந்தது. நீயோ பஸ்னாவின் வயிற்றில் இரட்டைப் பிள்ளை என்று ஸ்கேனில் தெரிந்ததைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு நின்றாய். அந்தச் சிரிப்புக்குக் குறுக்கே இதைப் போட மனம் வரவில்லை.

உன் உம்மா மௌத்தாகிப் பதின்மூன்று மாதம். அவவை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. நீ அப்படி நினைத்தால் நான் என்ன சொல்லி மறுப்பது என்றும் தெரியவில்லை.

நோன்பு வருகிறது. பஸ்னாவைப் பாரம் தூக்க விடாதே.

இப்படிக்கு,
உன் வாப்பா,
எம். ஐ. மர்சூக்

*

காத்தான்குடி
26.02.2025

வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். ‘எம். ஐ. மர்சூக்’ என்று கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். நான் என்ன கச்சேரிக்கு மனுக் கொடுத்தவளா?

உங்கள் கடிதம் வர முதலே எனக்குத் தெரியும். பெருநாள் உடுப்புக்குத் துணி எடுக்கப் போன இடத்தில் கடைக்காரர் கேட்டார்: “என்னகா றஸீனா, வாப்பாட கலியாண வலீமாச் சோறு எப்ப?” நான் “யார்ட வாப்பா?” என்று கேட்டேன். கடை முழுக்கச் சிரித்தது. துணியை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இவர் கதையைக் கேட்டதும் “மாமா கெட்டிக்காரன்தான்” என்றார். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு வடிக்கும்போது எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டு நிற்கையில் அழுகை வந்தது. பஸ்னா வந்து “உம்மா, நீங்க இப்ப சிரிக்கிறயா, அழுறயா?” என்று கேட்கிறாள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

நான் எங்கே குறை வைத்தேன்? ஆணத்துக்கு உறைப்புக் கூடினதா? உங்கள் சட்டை ஒரு நாள் கசங்கி இருந்ததா? உம்மாவின் வருசக் கத்தம் முடிந்து ஒரு மாதம்தானே. அன்றைக்கு நீங்கள் அழுததை நான் பார்த்தேன். அந்த அழுகை உண்மையா, இந்தக் கலியாணம் உண்மையா?

பெருநாளைக்கு வாருங்கள். உங்களை வரவேண்டாம் என்று சொல்ல என்னால் ஏலாது. ஆனால் தனியாக வாருங்கள்.

மகள்,
றஸீனா

*

ஓட்டமாவடி
06.03.2025, நோன்பு 5

அன்பு மகளுக்கு,

அழுகையும் உண்மை, கலியாணமும் உண்மை. இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்கிறது என்று கேட்டால், அது எனக்கே பிடிபடவில்லை.

நீ ஒரு குறையும் வைக்கவில்லை. கேட்டபடியால் மட்டும் சொல்கிறேன். தை மாதக் கடைசியில், குசினியில் நீ மருமகனிடம் சொன்னாய்: “இந்தக் கட்டில எடுத்தாத்தான் புள்ளைகளுக்கு இடம் வரும்.” எனக்கு எல்லாம் கேட்காது. அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

அந்த அறையில் இருந்தது என் கட்டில் ஒன்றுதான். நான் கோபித்துக்கொண்டு வரவில்லை. நம்முடைய ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் போகிறான். அந்த வீட்டுக்கு நான் வரும்போது எனக்கு வயது இருபத்துநாலு. உன் கலியாணத்தன்று உன் உம்மா அதை உனக்கு எழுதித் தந்தா. சரியான காரியம், நானே சாட்சிக் கையெழுத்து வைத்தேன். அவ இருக்கும்வரை அவவின் மாப்பிள்ளையாக அங்கே இருந்தேன். அவ போன பிறகு அங்கே நான் யார் என்று எனக்கு விளங்கவில்லை. உன் வாப்பாதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் கதிரையில் குந்தும்போது யாருடைய இடத்திலோ குந்துவது போல இருந்தது.

தனியாக வரச் சொல்கிறாய். முப்லிஹாவிடம் கடிதத்தைக் காட்டினேன். “நீங்க போங்க. எட்டுப் பெருநாள் தனியத்தான் திண்டன், எனக்கு அது பழக்கம்” என்றா. அதைக் கேட்டபின் எப்படித் தனியே வர?

வாப்பா

*

காத்தான்குடி
15.03.2025

வாப்பா,

புதன்கிழமை பஸ்னாவுக்குப் பிள்ளைகள் கிடைத்தன. ஒன்று பெண், ஒன்று ஆண். நாள் காண முதலே வலி வந்துவிட்டது. பெண் இரண்டு கிலோ. ஆண் பிள்ளை ஒரு கிலோவும் கொஞ்சமும்தான். முஹம்மட் என்று பேர் வைத்தோம். நாலு மணித்தியாலம் இருந்தான். மூச்சு எடுக்கப் பலம் இல்லை என்று டொக்டர் சொன்னார். அவர்கள் செய்ய வேண்டியதெல்லாம் செய்தார்கள்.

இவர்தான் கையில் ஏந்திக்கொண்டு போய் அடக்கிவிட்டு வந்தார். பஸ்னாவின் மாப்பிள்ளை அப்ஹாம் கத்தாரில் இருந்து போனிலேதான் இரண்டு பிள்ளையின் முகத்தையும் கண்டான். ஒன்றைப் பார்த்து “மாஷா அல்லாஹ்” என்றான். மற்றதைப் பார்த்துப் போனைக் கீழே வைத்துவிட்டான்.

வீட்டுக்கு வருகிற ஆட்களுக்கு என்ன முகம் வைப்பது என்று தெரியவில்லை. ஒருத்தி இனிப்புப் பெட்டியைச் சாரி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கொடுக்காமலே கொண்டு போய்விட்டா. “முபாறக்” என்று தொடங்கி “இன்னாலில்லாஹி” என்று முடிக்கிறார்கள். நானும் இரண்டுக்கும் தலையை ஆட்டுகிறேன்.

பஸ்னா முதல் இரண்டு நாளும் பெண் பிள்ளையைத் தொடவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண் பிளாஸ்க்கில் கஞ்சி கொண்டு வந்தா. அப்ஹாமின் சொந்தக்காரர் யாரோ என்று நினைத்தேன். பஸ்னாவின் தலையைச் சீவிப் பின்னினா. பிறகு பிள்ளையைத் தூக்கி அவள் நெஞ்சில் வைத்துச் சொன்னா: “இவளுக்குப் பசிக்கிது புள்ள. அழுறத்துக்கு ஆயுசு முழுக்க நேரமிரிக்கி. பாலக் குடுத்துட்டு மறுகா அழு.” பஸ்னா பால் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே அழுதாள். நான் அந்தப் பெண்ணின் பேரைக் கேட்கவும் மறந்துவிட்டேன்.

ஆர் ஆரோ வந்தார்கள். நீங்கள் வரவில்லை வாப்பா. புதன்கிழமையே இவர் போன் எடுத்துச் சொன்னாரே.

கட்டில் விசயம். நான் சொன்னது உண்மை. அதை எடுத்துவிட்டு உங்களை முன்னறைக்கு மாற்றலாம் என்றுதான் பேச்சு. ஆனால் அந்த நேரம் எனக்குள் ஒரு சலிப்பும் இருந்ததா என்று இப்போது கேட்டுப் பார்க்கிறேன். இருந்திருக்கலாம். சத்தியம் பண்ண முடியவில்லை.

றஸீனா

*

ஓட்டமாவடி
21.03.2025

மகளே,

இதை எழுத ஆறு நாள் போனது.

மருமகன் போன் எடுத்தது நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் முதல். பள்ளியில் ஒலிபெருக்கி வேறு. “ரெண்டு புள்ள” என்றது கேட்டது. “சுகம்” என்றதும் கேட்டது. நடுவில் சொன்னது கேட்கவில்லை. “அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்” என்று சத்தமாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவர் என்ன நினைத்தாரோ.

பிறகு நான் செய்ததைக் கேள். கடையில் இனிப்புத் தொதல் வாங்கிப் பள்ளிக்குக் கொண்டு போனேன். கஞ்சி குடிக்க இருந்த அத்தனை பேருக்கும் கையில் கையில் கொடுத்தேன். “பேத்திக்கு ரெட்டப் புள்ள, ரெண்டும் நல்ல சுகம்” என்றேன். எல்லோரும் முபாறக் சொன்னார்கள். ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்தார். அந்த நேரம் மருமகன் குழியில் மண் தள்ளிக்கொண்டு நின்றிருப்பார்.

வீட்டுக்கு வந்து முப்லிஹாவிடம் சொன்னேன். முபாறக் சொல்ல அவ றிஸ்விக்கு எடுத்தா. கேட்டுக்கொண்டிருந்தவவின் முகம் மாறியதைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது.

உங்கள் முன்னால் எந்த முகத்தோடு வந்து நிற்பது? சட்டையைப் போட்டேன், கழற்றினேன். இரண்டு நாள் இதே வேலை. வெள்ளிக்கிழமை அவ என்னிடம் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டா. கஞ்சி கொண்டு வந்தது அவதான். “பேரச் சொல்லியிருக்கலாமே” என்றேன். “பேரச் சொன்னா அந்தக் கஞ்சிய அந்தப் புள்ளைக்குக் குடுக்க உடுவாங்களா?” என்று கேட்டா.

மன்னித்துக்கொள் என்று எழுதினால் எதற்கென்று நீ கேட்பாய். எல்லாவற்றுக்கும்தான்.

வாப்பா

*

காத்தான்குடி
02.04.2025

வாப்பாவுக்கு,

பெருநாள் முடிந்துவிட்டது. வீடு கழுவி, சட்டி பானை கவிழ்த்து, இப்போதுதான் குந்துகிறேன்.

உங்கள் இரண்டு பேரையும் வரச்சொல்லி இவரைக் கொண்டு போன் எடுக்க வைத்தது நான்தான். எழுதியிருக்கலாம். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பிறை இன்றா நாளையா என்று இருந்த நேரத்திலேயே பெருநாள் இனிப்புக்கு வட்டிலப்பம் அவித்து வைத்தேன். மௌத்து நடந்த வீட்டில் வட்டிலப்பம் எதற்கு என்று ஒருத்தி கேட்டா. பிள்ளை பிறந்த வீட்டில் வட்டிலப்பம் இல்லையா என்று இன்னொருத்தி கேட்டா. அவித்தது சரியா பிழையா என்று இன்னும் தெரியாது.

தொழுகை முடிந்து எட்டரைக்கு வருவீர்கள் என்று பார்த்தேன். ஒன்பதரை, பத்தரை. நீங்கள் வாசலில் வந்து நிற்கும்போது பதினொன்றேகால். ஸலாம் சொல்ல முதல் நான் வாயை விட்டுவிட்டேன்: “உங்களுக்கு இஞ்ச ஒரு புள்ள மௌத்தானதும் ஒண்டுமில்ல, பெருநாளும் ஒண்டுமில்ல!” எல்லோரும் கேட்டார்கள். அவங்க உங்களுக்குப் பின்னால் நின்றாங்க. நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, “எங்க இருக்கிற?” என்று என்னிடம் கேட்டீர்கள்.

நாற்பது வருடம் இருந்த வீட்டில் எங்கே இருப்பது என்று கேட்கிறீர்கள். எனக்கு வந்தது கோபமா என்னவென்று தெரியாமல் குசினிக்குள் போய்விட்டேன். அங்கே அவங்க வந்து வெங்காயத்தை எடுத்து உரித்தாங்க. இரண்டு பேரும் உரித்தோம். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். “வெங்காயம் பொல்லாதது” என்றாங்க. “ஓம்” என்றேன்.

பஸ்னா உங்கள் கையில் பிள்ளையைத் தந்தபோது, அது உங்கள் தாடியைப் பிடித்துக்கொண்டு விடவில்லையே. அவள் சிரித்தாள். இருபது நாளைக்குப் பிறகு அந்தச் சத்தம்.

இவரோடு பேசினேன். திரும்பி வந்துவிடுங்கள். இரண்டு பேரும் வாருங்கள். முன்னறையை ஒதுக்கி வைத்திருக்கிறேன், காற்றும் நல்லாய் வரும்.

மகள்,
றஸீனா

*

ஓட்டமாவடி
08.04.2025

அன்பு மகளுக்கு,

நீ கூப்பிட்டதே போதும். இதற்குமேல் ஒரு வாப்பாவுக்கு என்ன வேண்டும்.

அன்றைக்கு ஏன் பிந்தியது என்று நீ கேட்கவில்லை, ஏசினாய். சபையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே தொழுதுவிட்டு ஏழரைக்கே பஸ் எடுத்துவிட்டோம். ஊருக்குள் வந்ததும் நேரே மையவாடிக்குப் போனேன். முஹம்மடைப் பார்க்காமல் அவன் கூடப்பிறந்தவளைப் போய்க் கொஞ்ச எனக்கு இயலவில்லை.

சின்னக் கபுறு, உடனே கண்டுபிடித்தேன். என் கையால் இரண்டு சாண் கூட வராது. ஸலாம் சொல்லி, இருந்து, ஓதினேன். தொதல் பங்கிட்ட கதையை அவனிடமும் சொன்னேன்.

பிறகு உன் உம்மாவைத் தேடினேன். மாரி மழையில் மண் எல்லாம் சமனாகிக் கிடக்கிறது. தலைமாட்டில் நட்ட மீசான் கட்டைகள் சில விழுந்து, சில சாய்ந்து இருக்கின்றன. மதிலோரத்தில் இருந்து நாலாவது என்று நினைவு. எந்த மூலையில் இருந்து எண்ணுவது என்று மறந்துவிட்டேன் மகள். முப்பத்தொன்பது வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவ எங்கே கிடக்கிறா என்று தெரியாமல், வெயிலில் இங்கும் அங்கும் நடந்தேன். கடைசியில் ஒன்றை இதுதான் என்று நினைத்து அதனருகில் குந்தி யாஸீன் ஓதினேன். முப்லிஹா வெளியே கேட்டடியில் ஒரு மணித்தியாலம் நின்றா. நான் வெளியே வந்ததும் போத்தல் தண்ணீரை நீட்டினா.

மகள், நான் அங்கே வந்து இருக்கமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. ஓட்டமாவடியில் என்னைக் ‘காத்தான்குடியார்’ என்கிறார்கள். காத்தான்குடியில் அன்றைக்கு ஒரு பையன் ‘ஓட்டமாவடி மூத்தப்பா’ என்றான். இரண்டு பேருமே சரியாகத்தான் சொல்கிறார்களோ என்னவோ. ஆனால் இங்கே காலையில் எழும்பும்போது எந்தப் பக்கம் காலை வைப்பது என்று நான் யோசிப்பதில்லை. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிகிறது. நீ விளங்கிக்கொள்வாய், இல்லாவிட்டால் ஏசுவாய். ஏசினாலும் எழுது.

வாப்பா

*

காத்தான்குடி
13.04.2025

என் வாப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் கோபம் வந்தது. இரண்டாம் தரம் வாசலில் நான் பேசிய பேச்சு ஞாபகம் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். மூன்றாம் தரம் இவருக்கு வாசித்துக் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து இவர் மையவாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். உம்மா மதிலோரத்தில் இல்லையாம். வேப்ப மரத்துப் பக்கம், மூன்றாவது. கட்டை சாய்ந்திருந்ததாம், நிமிர்த்தி நட்டுவிட்டு வந்திருக்கிறார். நீங்கள் குந்தி யாஸீன் ஓதியது யாரோ ஒரு ஆம்பிளையின் கபுறாம். எனக்குச் சிரிப்பு வந்தது வாப்பா. உம்மா இருந்திருந்தால் இதைச் சொல்லியே ஒரு வருடம் சிரித்திருப்பா. அந்த மனிதருக்கு ஓத ஆட்கள் இருந்தார்களோ இல்லையோ, இந்தப் பெருநாளைக்குக் கிடைத்தது.

நாளை புதுவருசம். பஸ்ஸில் சனம் நெரியும், இந்தக் கிழமை வெளிக்கிட வேண்டாம். அடுத்த கிழமை பஸ்னாவுக்கு நாற்பது முடிகிறது. வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள். இவர் உங்களைக் கூட்டிப்போய் உம்மாவின் இடத்தைக் காட்டுவார். நீங்கள் திரும்பி வரும்வரை முப்லிஹா சாச்சி என்னோடு குசினியில் இருக்கட்டும், கேட்டடியில் நிற்கத் தேவையில்லை.

சோற்றைத் தின்றுவிட்டு, பிள்ளையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு நீங்கள் உங்கள் வீட்டுக்குப் போகலாம்.

மகள்,
றஸீனா